தங்கச்சி வளாகத்தை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்

வாசகர் கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அப்பா இல்லை, அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். தங்கச்சி உயர்தரத்தைத் தமிழில் கணிதப் பிரிவில் படித்து, எங்கள் தோட்டத்திலிருந்து முதல் ஆளாக விஞ்ஞான பீடத்துக்குப் போனாள். கண்டிப் பக்கத்து வளாகம். முதல் செமஸ்டர் பெறுபேற்றில் கணிதம் 'ஈ', இரசாயனம் 'டி பிளஸ்'. இரண்டாம் செமஸ்டர் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பத்து நாளாக வீட்டில் இருக்கிறாள். "இங்கிலிஷில் ஒன்றும் விளங்கவில்லை, அந்தப் படிப்பு எனக்குச் சரிவராது, ஹட்டனில் ஒரு பார்மசியில் ஆள் கேட்கிறார்கள், போகிறேன்" என்கிறாள். கணிதப் பரீட்சையைக் காய்ச்சலோடுதான் எழுதினாளாம். கட்டாயப்படுத்தி அனுப்புவதா, விட்டுவிடுவதா? பெறுபேற்றுத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கட்டாயப்படுத்தவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தங்கச்சி விடுதிக்குத் திரும்பட்டும். தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவை இந்த செமஸ்டர் முடிந்த பிறகு அவளே எடுக்கட்டும். "நாலு வருஷம் படி" என்று சொன்னால் ஏற முடியாத மலையாகத் தெரியும். "இன்னும் பன்னிரண்டு வாரம் இருந்து பார், அதற்குப் பிறகு நீ சொல்வதைக் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. விழுந்த பாடத்தை மறுபடி எழுதலாம், தவறிய பிராக்டிகலைப் பெரும்பாலும் மறுபடி செய்ய முடியாது. பொதுவாக வரவு 80 வீதம் இருந்தால்தான் பரீட்சைக்கு விடுவார்கள். செமஸ்டர் 15 வாரம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 45 மணி விரிவுரை, அதில் 9 மணி தவறலாம். இந்தப் பத்து நாளில் ஒவ்வொரு பாடத்திலும் நாலைந்து மணி போயிருக்கும். அதைச் சமாளிக்கலாம். பிராக்டிகல்தான் ஆபத்து. ஒரு செமஸ்டரில் பத்துப் பரிசோதனை என்றால் தவறக்கூடியது இரண்டு மட்டும். அந்த இரண்டும் அநேகமாக இப்போதே தீர்ந்துவிட்டன. இன்னும் ஒரு வாரம் வீட்டில் இருந்தால், நன்றாகப் படித்தாலும் பரீட்சை மண்டபத்துக்குள் போக முடியாத நிலை வரலாம். பல பிள்ளைகள் "எனக்குப் படிப்பு வராது" என்று வெளியேறுவது இப்படித்தான். அவர்களைத் தள்ளிவிடுவது புள்ளி இல்லை. சொல்லாமல் வீட்டில் நின்ற இரண்டு மூன்று வாரம்தான் தள்ளிவிடுகிறது.

இப்போது பெறுபேற்றுத் தாளுக்கு வருவோம். பதினைந்து கிரெடிட். கணிதம் 3 கிரெடிட், 'ஈ', அதற்குப் புள்ளி 0. இரசாயனம் 3 கிரெடிட், 'டி பிளஸ்', 1.3. பௌதிகவியல் 3 கிரெடிட், 'சி', 2.0. இரசாயனப் பிராக்டிகல் 1 கிரெடிட் 'பி', 3.0. பௌதிகப் பிராக்டிகல் 1 கிரெடிட் 'பி பிளஸ்', 3.3. இரண்டு கிரெடிட் ஆங்கிலம் 'சி பிளஸ்', 2.3. இரண்டு கிரெடிட் கணினி 'பி மைனஸ்', 2.7. கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 26.2. பதினைந்தால் வகுத்தால் 1.75. இந்த எண்ணைப் பார்த்துத்தான் அவள் பயந்திருக்கிறாள்.

மறுபரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பல பீடங்களில் 'சி'க்கு மேல் தரமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டோடே கணக்குப் பார்ப்போம். கணிதமும் இரசாயனமும் 'சி' ஆனால் கூட்டுத்தொகை 34.3, சராசரி 2.29. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட் வேண்டும், மீதி 75. பட்டம் பெற 2.00 போதும். அதற்கு மீதிப் பாடங்களில் சராசரி 1.94 எடுத்தால் சரி, அதாவது எல்லாவற்றிலும் 'சி' எடுத்தாலே தாண்டிவிடுவாள். இரண்டாம் வகுப்பின் கீழ்நிலைக்கு 3.00 வேண்டும். அதற்கு மீதிப் பாடங்களில் 3.14, அதாவது 'பி'க்குச் சற்று மேல். கடினம், ஆனால் நடக்கக்கூடியது. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்யும்போது இந்த முதல் செமஸ்டர் அவளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும், அதை மறைத்துச் சொல்ல மாட்டோம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவளிடமே போடச் சொல்லுங்கள். கணிதப் பிரிவில் படித்த பிள்ளை, தன் கையால் போட்ட கணக்கை நம்புவாள்.

'சி'க்குக் கீழே விழுந்த இரண்டு பாடத்தையும் வழக்கமாக அடுத்த பேட்ச் எழுதும்போதுதான் எழுத விடுவார்கள். அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு, கடைசித் திகதி உண்டு. அந்தத் திகதி தவறினால் இன்னொரு வருடம் போய்விடும். எந்த இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்கு முதலாம் ஆண்டுக் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும், பட்டத்தை எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பவை பீடத்தின் மாணவர் கைநூலில் இருக்கும். பதிவு செய்தபோது கொடுத்திருப்பார்கள், பெட்டியின் அடியில் கிடக்கும். எடுத்து வாசிக்கட்டும், ஏனென்றால் பீடத்துக்குப் பீடம் விதி மாறும்.

காய்ச்சலோடு எழுதியது பெரிய பிழை. நம் பிள்ளைகள் பயத்தில் செய்வதுதான். வர முடியாமல் போன பரீட்சைக்குத்தான் பொதுவாக மருத்துவச் சான்று ஏற்கப்படும். உட்கார்ந்து எழுதிவிட்டால் அது ஒரு தடவையாகக் கணக்காகிவிடும். எழுதாமல், குறித்த நாட்களுக்குள் வளாக வைத்திய நிலையத்தின் ஊடாகச் சான்று கொடுத்து அது ஏற்கப்பட்டிருந்தால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே எண்ணப்பட்டு 'சி' என்ற உச்சவரம்பும் இருந்திருக்காது. தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டையோ டவுன் கிளினிக் துண்டையோ மட்டும் கொண்டுபோனால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். காய்ச்சல் வந்தால் முதலில் வளாக வைத்தியரிடம், இல்லையேல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"இங்கிலிஷில் ஒன்றும் விளங்கவில்லை" என்கிறாள் அல்லவா, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, கலைச்சொல். உந்தம் அவளுக்குத் தெரியும், மொமென்டம் தெரியாது. நியமிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள், டைட்ரேஷன் என்றால் திகைப்பாள். அளவிதான் பியூரெட், குழாயிதான் பிப்பெட், தொகையீடுதான் இன்டக்ரேஷன். தெரிந்த ஆளுக்குத் தெரியாத பெயர், அவ்வளவுதான். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடட்டும்: தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், ஒரு சின்னப் படம் அல்லது சமன்பாடு. நாளுக்குப் பத்து, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரத்தில் முந்நூறு. முதலாம் ஆண்டைத் தாண்ட அது போதும். இதற்குக் கையில் கிடைக்கும் நல்ல பாடப்புத்தகம், அவள் எழுதிய அதே வருடத்து உயர்தர வினாத்தாளின் ஆங்கில மொழிப் பிரதி. பரீட்சைத் திணைக்களம் மூன்று மொழியிலும் ஒரே வினாவைத்தான் கேட்கிறது, எண்ணும் ஒன்று, படமும் ஒன்று. தமிழ்த் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரசாயனம், பௌதிகவியல், இணைந்த கணிதம் மூன்றிலும் வாரத்துக்கு ஒரு வினா வாசிக்கட்டும். ஏற்கெனவே விடை தெரிந்த வினா என்பதால் மனம் மொழியில் மட்டும் நிற்கும்.

இரண்டாவது, ஏவற்சொல், அதாவது வினா என்ன செய்யச் சொல்கிறது என்பதைக் காட்டும் சொல். இதைப் பலரும் கவனிப்பதில்லை, புள்ளி போவது இங்கேதான். 'ஸ்டேட்' என்றால் கூறுக, ஒரு வரி போதும். 'டெரைவ்' என்றால் பெறுக, ஒவ்வொரு படியும் வேண்டும். 'டிடியூஸ்' என்றால் உய்த்தறிக. 'ஹென்ஸ்' என்று வந்தால் இதிலிருந்து, அதாவது மேலே கண்ட விடையைக் கொண்டே போக வேண்டும். வேறு வழியில் போய்ச் சரியான விடைக்கு வந்தாலும் முழுப் புள்ளி கிடைக்காமல் போகலாம். இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் அவள் தமிழில் இரண்டு வருடம் பழகித்தான் போயிருக்கிறாள். மொத்தமே பதினைந்து இருபது சொல். ஒரு மாலைப் பொழுதில் முடியும்.

மூன்றாவது, மொழியே இல்லாத சிக்கல். உயர்தரத்துக் கணிதமும் வளாகத்துக் கணிதமும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு வேலை. அங்கே விடை கண்டுபிடித்தாள், இங்கே நிறுவ வேண்டும். முதல் செமஸ்டரில் பிள்ளைகளை உருட்டிவிடுவது எல்லையின் வரைவிலக்கணம், எப்சிலன் டெல்டா என்பார்கள். பாடமாக்கி எழுதிப் பார்ப்பார்கள், நிற்காது. ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டும் சார்பை எடுங்கள். எண் 2 ஐ நெருங்கும்போது சார்பு 7 ஐ நெருங்குகிறது என்று நிறுவ வேண்டும். எதிராளி ஒரு எப்சிலனைத் தருகிறான்: "7 இலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் விடை நிற்க வேண்டும்." அதற்கேற்ற டெல்டாவை நாம் தர வேண்டும்: "2 இலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் எண்ணை எடு." சார்புக்கும் 7 க்கும் உள்ள தூரம், எண்ணுக்கும் 2 க்கும் உள்ள தூரத்தின் சரியாக மூன்று மடங்கு. ஆகவே டெல்டாவாக எப்சிலனில் மூன்றிலொன்றை எடுத்தால் முடிந்தது. இதை மூன்று வரியில் எழுதலாம்: தந்தது, தெரிவு செய்தது, சரிபார்த்தது. இப்படி நேர்கோட்டுச் சார்பில் ஐந்து செய்துவிட்டு, பிறகு வர்க்கச் சார்புக்குப் போகட்டும். விடையைப் பார்த்து எழுதுவதில் பயன் இல்லை. கொப்பியை மூடிவிட்டு வெறுந்தாளில் திரும்ப எழுத வருகிறதா என்பதே சோதனை.

இரசாயனத்தில் 'டி பிளஸ்' எடுக்கும் பிள்ளைகளின் தாளில் அடிக்கடி காண்பது அலகுப் பிழை. அமோனியா உண்டாகும் தாக்கத்தைப் பாருங்கள். வெப்பவுள்ளுறை (என்தல்பி) மாற்றம் −92 கிலோயூல், எந்திரப்பி (என்ட்ரோபி) மாற்றம் கெல்வினுக்கு −199 யூல். 298 கெல்வினில் கிப்ஸ் சக்தி மாற்றம் என்ன? வெப்பநிலையை எந்திரப்பி மாற்றத்தால் பெருக்கி, அதை வெப்பவுள்ளுறை மாற்றத்திலிருந்து கழிக்க வேண்டும். எந்திரப்பி மாற்றம் மறை என்பதால் கழிப்பது கூட்டலாகிவிடும். 298 ஐ 199 ஆல் பெருக்கினால் 59,302 யூல். அதை 1,000 ஆல் வகுத்து 59.3 கிலோயூல் ஆக்கி −92 உடன் கூட்டினால் −32.7 கிலோயூல். விடை மறையாக வந்ததால் தாக்கம் தானாக நிகழக்கூடியது. வகுக்க மறந்தால் +59,210 வரும். குறியே தலைகீழாகிவிட்டது, "தாக்கம் தானாக நிகழாது" என்று எழுதி, அதைத் தொடர்ந்த பகுதிகளும் போய்விடும். வெப்பவுள்ளுறை கிலோயூலிலும் எந்திரப்பி யூலிலும் அட்டவணையில் தரப்படுவது வழக்கம் என்பதால் இந்தப் பிழை ஒவ்வொரு பேட்ச்சிலும் வரும். ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதும் பழக்கம் ஒன்றே மருந்து.

பிராக்டிகலில் 'பி'யும் 'பி பிளஸ்'ஸும் எடுத்திருக்கிறாள் என்பதை அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். கையில் எடுத்துச் செய்தால் அவளுக்கு விளங்குகிறது என்பதற்கு அது சான்று.

அடுத்து, யாரோடு படிக்கிறாள் என்று கேளுங்கள். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் ஏன் நுண்கணிதத்தில் தோற்கிறார்கள் என்று பார்த்தார். வறுமை, ஊக்கமின்மை, வீட்டில் ஆதரவில்லை என்று மற்றவர்கள் சொன்ன காரணங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. அந்தப் பிள்ளைகள் கடுமையாகப் படித்தார்கள், ஆனால் தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் கூடியிருந்து, விடையை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை ஒருவர் பிடித்தார்கள். அவர் செய்த மாற்றம், பின்தங்கியோர் வகுப்பு வைத்ததல்ல. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்தார், பெறுபேறு உயர்ந்தது.

நம் வளாகங்களில் இதற்கு 'குப்பி' என்று பெயரே இருக்கிறது. தோட்டத்திலிருந்து தனியாகப் போன பிள்ளை, "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பார்களோ என்று குப்பிக்குப் போகாமல் அறையில் இருந்துவிடும். போனாலும் ஒரு சீனியர் பேச, முப்பது பேர் எழுதிக்கொண்டு வந்தால் அது இன்னொரு விரிவுரைதான். நான்கு அல்லது ஐந்து பேர், வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணித்தியாலம், முன்கூட்டியே தெரிவு செய்த ஆறு கணக்கு. முதல் இருபது நிமிடம் எல்லோரும் பேசாமல் தனித்தனியே முயல வேண்டும், பிறகு வாரத்துக்கு ஒருவர் எழுந்து விளக்க வேண்டும். தங்கச்சியும் தன் முறையில் எழுந்து விளக்க வேண்டும், தமிழில் விளக்கினாலும் பரவாயில்லை. 2014 இல் 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், விரிவுரையை மட்டும் கேட்ட விஞ்ஞான, கணித வகுப்புகளில் சுமார் 34 வீதத்தினரும், மாணவரே செய்து பேசிப் பார்க்கும் வகுப்புகளில் சுமார் 22 வீதத்தினரும் தோற்றிருந்தார்கள்.

நேரக் கணக்கு ஒன்று. ஒரு கிரெடிட் என்பது இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி 50 மணி நேர உழைப்பு. பதினைந்து கிரெடிட் 750 மணி. பரீட்சை விடுமுறையையும் சேர்த்துப் பதினெட்டு வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு சுமார் 42 மணி. விரிவுரையும் பிராக்டிகலும் இதில் பாதி, மற்றப் பாதி அவளே உட்கார வேண்டியது. இருபது மணி என்றால் கிழமை நாட்களில் மூன்று மணி, சனிக்கிழமை ஐந்து. உயர்தரத்தில் டியூஷன் சேர் நேரத்தை நிரப்பிக் கொடுத்தார், இங்கே யாரும் நிரப்ப மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வருவதை நிறுத்தச் சொல்லுங்கள். அம்மாவிடம் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன் என்று பஸ் மாறிப் பொகவந்தலாவைக்கு வந்து போனால் ஒரு முழு நாள் சாலையில் போகிறது. திங்கள் விடியலில் புறப்பட்டால் எட்டு மணி வகுப்பு போய்விடும். இரண்டு கிரெடிட் பாடத்தின் இரண்டு மணி விரிவுரை திங்கட்கிழமையில் இருந்தால், மூன்று திங்கள் தவறியதுமே 80 வீத எல்லைக்கு வந்துவிடுவாள். மாதம் ஒருமுறை, ஞாயிறு பகலிலேயே திரும்பும்படி வரட்டும்.

பண விஷயத்தில் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்துங்கள். மகாபொலப் புலமைப்பரிசிலோ பேர்சரி உதவித்தொகையோ, இரண்டில் ஒன்றுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா, வங்கிக் கணக்கு எண் கொடுத்தாயிற்றா? 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்த மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. முதலாம் ஆண்டில் முதல் தவணை பிந்தி வருவது வழக்கம். அந்த இடைவெளியில்தான் "அம்மாவுக்கு இன்றைக்கு அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) போட்டார்கள், நான் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே" என்ற எண்ணம் பிள்ளையைப் பிடிக்கும். பார்மசி யோசனைக்குப் பின்னால் அது இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். இருந்தால், மாதா மாதம் ஒரு குறித்த நாளில் நீங்கள் அனுப்பும் சிறு தொகை, நினைத்தபோது அனுப்பும் பெரிய தொகையைவிட உதவும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், அம்மா இல்லாத நேரத்தில். விடுதியில் இரவில் தூங்க விடுகிறார்களா? பகிடிவதை நடக்கும் இடத்தில் இருக்கும் பிள்ளை "படிப்பு விளங்கவில்லை" என்றுதான் வீட்டில் சொல்லும். 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். மாணவர் ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம், நீங்களும் முறையிடலாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், அழுதுகொண்டே இருந்தால், அல்லது உயிரை வெறுத்துப் பேசினால் படிப்புப் பேச்சை நிறுத்திவிட்டு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

திங்கட்கிழமை காலை அவள் செய்ய வேண்டியது இரண்டு சந்திப்பு. முதலில் பீடத்தின் மாணவர் ஆலோசகர். "பத்து நாள் வரவில்லை. இரண்டு பாடம் விழுந்தது. தொடர விரும்புகிறேன், எந்தப் பிராக்டிகலை ஈடுசெய்யலாம் என்று தெரிய வேண்டும்." இந்த மூன்று வசனத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பிறகு கணித விரிவுரையாளர். வெறுங்கையோடு போய் "சேர், விளங்கவில்லை" என்றால் அவரால் உதவ முடியாது. ஒரு கணக்கைத் தடுக்கிய இடம்வரை எழுதிக்கொண்டுபோய், "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் விளக்குவார், பெயரையும் நினைவில் வைத்துக்கொள்வார்.

பன்னிரண்டு வாரம் கழித்தும் அவள் வெளியேறத்தான் விரும்பினால், அது அவள் வாழ்க்கை. ஆனால் பேசாமல் வந்துவிடக் கூடாது. காரணத்தை எழுதிப் பீடத்தின் ஊடாகக் கற்கையை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால் இடம் காத்திருக்கும். சொல்லாமல் நின்றால் பதிவிலிருந்து பெயர் போய்விடும்.

ஞாயிறு இரவு போன் எடுக்கும்போது "எப்படிப் படிக்கிறாய்?" என்று கேட்காதீர்கள், "நல்லாப் படிக்கிறேன்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை பிராக்டிகல் ரிப்போர்ட் கொடுத்தாய்? குப்பியில் யாருடைய முறை? கலைச்சொல் கொப்பியில் எத்தனையாவது பக்கம்?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பதில் மழுப்பலாக வந்தால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போய்ப் பாருங்கள்.